மூன்றாவது படி எங்கே?

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். எனக்குத் தெரிந்தது ரிஜிஸ்டர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, அரசாங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 2011-ல் ஓய்வு பெறும் வரை பேரேடும் பதிவேடுமாகவே காலம் தள்ளியவன். பெண்ணைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தேன். மனைவி காலமான பிறகு நானும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

காலையில் நடந்து முடித்ததும் பேக்கரியில் டீ குடிக்கும் கூட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. ஏழெட்டுப் பேர். எல்லோரும் ஏறக்குறைய என் வயது. பாதிப் பேருடைய பிள்ளைகள் பனியன் கம்பெனி நடத்துகிறார்கள். போன மாதம் ஒரு நாள் பேச்சு, கம்பெனிக் கணக்கை எதில் வைத்தால் பத்திரம் என்று திரும்பியது.

ஒருவர் சொன்னார்: "பையன் எல்லாத்தையும் கிளவுடுல போட்டுட்டானுங்க. இனிக் கவலையே இல்லீங்க."

அடுத்தவர் விடவில்லை. "அடுத்தவன் ஊட்டுல நம்ம கணக்கா? நாங்க சொந்த சர்வர் வெச்சிருக்கறமுங்க. ஏசி ரூமு, பூட்டு, சாவி எங்கிட்ட."

மூன்றாமவர், லினக்ஸ்தான் பத்திரம், விண்டோஸில்தான் வைரஸ் வரும் என்று பேரன் சொன்னதைச் சொன்னார். டீ ஆறும் வரை வாக்குவாதம். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "எல்லாம் சரிங்க. மூன்றாவது படி எங்கே இருக்கிறது?"

யாருக்கும் புரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும். நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஆடி மாதச் சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் திருப்பூரில் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். சாயங்காலம் சம்பளம். காலை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளையிடமிருந்து போன். "மாமா, எல்லாம் போச்சுங்க. கம்ப்யூட்டரைத் தொறந்தா ஒண்ணுமே தொறக்க மாட்டீங்குது."

போய்ப் பார்த்தேன். பைல்களின் பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் ஒவ்வொரு பெயரின் பின்னாலும் புரியாத வால் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். உங்கள் தகவல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பிட்காயினில் பணம் அனுப்பு என்றது. ஆர்டர் விவரம், காஸ்ட்டிங், பீஸ் ரேட், ஜாப் ஒர்க் கணக்கு, யாருக்கு எவ்வளவு பாக்கி, எல்லாம் அந்தப் பூட்டுக்குள்.

எப்படி வந்தது? வீட்டிலிருந்தே கணக்கைப் பார்க்க வசதியாக, கம்ப்யூட்டர் பார்க்கும் பையன் வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழி திறந்து வைத்திருந்தான். பாஸ்வேர்டு கம்பெனிப் பெயரும் 123-ம். விண்டோஸ் கிராக் போட்டது. கிராக் போய்விடும் என்று அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். பேக்கப் இருந்தது. ஒரு ஹார்டு டிஸ்க். ஆனால் அது வருடம் முழுக்க அதே கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்தது. வந்தவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டான்.

மாப்பிள்ளை பணம் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் சாவி வரும் என்று என்ன நிச்சயம்? அன்று சாயங்காலம் சம்பளம் போட்டது எதை வைத்துத் தெரியுமா? பவர் டேபிள் சூப்பர்வைசர் தன் பாக்கெட் நோட்டில் பென்சிலால் குறித்து வைத்திருந்த பீஸ் கணக்கை வைத்து.

திங்கட்கிழமை காஜா பட்டன் அடித்துக் கொடுக்கும் ஒரு அம்மா வந்தார். கணவர் இல்லாதவர். நான்கு மெஷின் வைத்துப் பிழைக்கிறவர். மூன்று வாரக் கூலி அவருக்குப் பாக்கி. விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. வாசலில் நின்றபடி, "ஏனுங்க, கணக்குப் போச்சுன்னா எங்க காசும் போச்சுங்களா?" என்று கேட்டார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நாக்கு எழவில்லை. பிறகு அவரே மஞ்சப்பையிலிருந்து டெலிவரி சலான் புக்கை எடுத்து மேஜைமேல் வைத்தார். கார்பன் வைத்து எழுதியது. ஒவ்வொரு பக்கத்திலும் சரக்கை வாங்கிக்கொண்ட எங்கள் ஆளின் கையெழுத்து. ஒரு பீஸ் குறையாமல் கணக்கு நேரானது.

லட்சக்கணக்கில் மெஷின் போட்ட கம்பெனியிடம் இல்லாத படி, நான்கு மெஷின் வைத்திருந்த அந்த அம்மாவிடம் இருந்தது.

முதலாளிமார்களும் அவர்களைப் பெற்றவர்களும் இதை யோசிக்க வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது உங்கள் கணக்கு மட்டும் அல்ல. செக்கிங் பெண்ணின் கூலி, அயர்ன் மாஸ்டரின் அட்வான்ஸ், சாயப்பட்டறை பாக்கி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் அதில் இருக்கிறது. அதைத் தொலைக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

நிற்க. என் கேள்விக்கு வருகிறேன்.

பிரான்ஸில் பதினான்காம் லூயி மன்னன் 1667-ல் போட்ட ஆணை ஒன்று உண்டு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேட்டை இரண்டு படியாக எழுத வேண்டும், ஒன்று கோயிலில் இருக்க வேண்டும், மற்றொன்று நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்றது. புதுச்சேரி போன்ற கடல் கடந்த ஊர்களுக்கு இரண்டு போதாது. தீ, புயல், கரையான், யுத்தம் எல்லாம் உண்டு. 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள் அல்லவா? 1776 ஜூனில் இன்னொரு ஆணை வந்தது. காலனிகளின் பதிவேடுகளில் மூன்றாவது படி ஒன்று எழுதி, கப்பலேற்றி பிரான்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்பது அது. எங்கள் ஊரில் 'எத்தா சிவில்' என்று சொல்லும் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் அப்படித்தான் கடல் தாண்டிப் போயின. இன்றைக்கும் தென் பிரான்ஸில் எக்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. பழைய பதிவுகளை இணையத்திலேயே பார்க்கலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சொல்தாவின் விதவை வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை நாங்கள் சொல்தா என்போம். பென்ஷனுக்குக் கணவரின் பிறப்புப் பதிவு வேண்டும். இங்கிருந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது. பெரிய குமாஸ்தா கொஞ்சமும் அசரவில்லை. "பிரான்ஸுக்கு எழுதுப்பா" என்றார். நான்தான் கடிதம் எழுதினேன். சில மாதம் கழித்து நகல் வந்தது. அந்த அம்மாவுக்குப் பென்ஷனும் வந்தது. அன்று கற்றுக்கொண்டேன், பதிவேடு எவ்வளவு நல்ல காகிதத்தில் இருக்கிறது என்பது பெரிதல்ல, வேறொரு ஊரில் இன்னொன்று இருக்கிறதா என்பதுதான் பெரிது என்று.

இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சுக்காரர்களே ஒருமுறை அதை மறந்தார்கள். பாரீஸ் நகரத்தின் பதிவேடுகள் சட்டப்படி இரண்டு படி இருந்தன. ஒன்று நகரசபை மாளிகையில், மற்றொன்று நீதிமன்ற மாளிகையில். ஆனால் இரண்டு கட்டடமும் ஒரே ஊர். 1871 மே மாதம், கம்யூன் கலவரத்தில் இரண்டும் எரிந்தன. 1860-க்கு முந்தைய சுமார் 80 லட்சம் பதிவுகள் சாம்பல். வருடக்கணக்காக உட்கார்ந்து, குடும்பக் காகிதங்களையும் கோயில் புத்தகங்களையும் பார்த்து மறுபடி எழுதினார்கள். மீட்க முடிந்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

இப்போது என் பேக்கரி நண்பர்களுக்கு ஒவ்வொருவராகப் பதில் சொல்கிறேன்.

முதலில் கிளவுடு நண்பர். ஐயா, கிளவுடு என்பது மேகம் அல்ல. அதுவும் ஒரு கட்டடம். 2021 மார்ச் 10 அன்று நள்ளிரவுக்குப் பிறகு, ஸ்திராஸ்பூர் நகரில் ஓவிஹெச் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் ஐந்து மாடி டேட்டா சென்டர் எரிந்தே போனது. ஐரோப்பாவின் பெரிய கம்பெனிகளில் ஒன்று. லட்சக்கணக்கான இணையதளங்கள் நின்றன. வேறிடத்தில் படி வைத்திருந்தவர்கள் சில நாளில் எழுந்துகொண்டார்கள். ஒரு வாடிக்கையாளர் தனியாகக் காசு கட்டி பேக்கப்பும் வாங்கியிருந்தார். அந்த பேக்கப் இருந்ததும் எரிந்த அதே கட்டடத்தில்தான். வழக்குப் போட்டார். 2023-ல் லீல் நகர வணிக நீதிமன்றம் அவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. பணம் வந்தது, தகவல் வரவில்லை. 150 வருடம் கழித்து பாரீஸ் கதையேதான்.

இன்னொன்றும் உண்டு. கட்டடம் எரியாவிட்டாலும் சாவி யார் கையில்? 2025 ஜூலையில் குஜராத் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நயாரா எனர்ஜிக்கு நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஐரோப்பிய யூனியன் போட்ட தடையைக் காரணமாக வைத்து, மைக்ரோசாஃப்ட் அவர்களுடைய மெயில் முதலான சேவைகளை நிறுத்தியது. காசு கட்டிய லைசென்ஸ்தான் என்றார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சில நாளில் சேவை திரும்ப வந்தது. அவ்வளவு பெரிய எண்ணெய்க் கம்பெனிக்கே வக்கீல் வைக்க வேண்டி வந்ததென்றால், அங்கேரிபாளையத்தில் முப்பது மெஷின் போட்டவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்? தூரத்துத் தலைநகரத்தில் யாரோ போடும் கையெழுத்து இங்கே தையல் மெஷினை நிறுத்தும் என்பது திருப்பூருக்குப் புதிதா? 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது பார்த்தோமே.

கிளவுடு கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் மாநிலத்திலேயே, தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து உலகத்துக்கெல்லாம் அந்த வியாபாரம் செய்யும் ஜோஹோ இருக்கிறது. தாராளமாக வையுங்கள். ஆனால் அது ஒரு படி. ஒரே படி ஆகிவிடக் கூடாது.

அடுத்து, சாவியை இடுப்பில் வைத்திருக்கும் சொந்த சர்வர் நண்பர். உங்கள் ஏசி ரூமுக்கு அடுத்த சுவருக்குப் பின்னால் துணி அடுக்கியிருக்கிறது. பஞ்சும் நூலும் துணியும் வைத்துப் பிழைக்கிற ஊரில் தீயைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? வாசலைப் பூட்டினால் திருடன் வரமாட்டான் என்பதும் பழைய காலம். டென்மார்க் நாட்டு மெர்ஸ்க் கப்பல் கம்பெனியை உங்களுக்குத் தெரியும். நம் சரக்கும் அவர்கள் கண்டெய்னரில் போவதுதான். 2017 ஜூன் 27 அன்று, உக்ரைன் நாட்டு வரிக் கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாகப் புகுந்த நாட்பெட்யா என்ற வைரஸ், உலகம் முழுவதும் அவர்களுடைய கம்ப்யூட்டர்களை அழித்தது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையத்திலும் வேலை நின்றது. அவர்களிடம் பல ஊர்களில் படி இருந்தது. ஆனால் அத்தனையும் ஒரே வலையில் எப்போதும் இணைந்தே இருந்ததால் ஒன்றாகவே அழிந்தன. தப்பியது ஒன்றே ஒன்று. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆபீஸில் அந்த நேரம் கரண்ட் போயிருந்தது. அணைந்து கிடந்ததால் பிழைத்த அந்த ஒரு கம்ப்யூட்டரை வைத்துத்தான் மற்றதை எழுப்பினார்கள்.

நம் ஊர் கரண்ட் கட்டை எவ்வளவு திட்டியிருப்போம்! ஆனால் கானாவில் அவர்களைக் காப்பாற்றியது அதுதான். ஒயரில் செருகியே இருக்கும் படி, படி அல்ல. மாப்பிள்ளையின் ஹார்டு டிஸ்க்கும் அதைத்தான் சொன்னது.

கடைசியாக லினக்ஸ் நண்பர். உங்கள் பேரன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பிரான்ஸின் ழாந்தார்மரி, அதாவது பட்டாளத்தைச் சேர்ந்த போலீஸ், 2005-ல் ஓபன் ஆபீஸுக்கும் பிறகு உபுண்டு லினக்ஸுக்கும் மாறி, பல்லாயிரம் கம்ப்யூட்டர்களை அதிலேயே நடத்துகிறது. நம் அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பெரும்பாலானவர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் எந்தப் பூட்டும் பூட்டினால்தான் பூட்டு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் பரவி, ரெனோ கார்த் தொழிற்சாலைகள் நின்றன, பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் திணறின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஜெர்மன் மெஷினுக்கு லட்சம் லட்சமாகக் கொடுக்கிறோம். பையர் வருகிறான் என்றால் வாசலுக்கு கிரானைட் போடுகிறோம். விண்டோஸுக்குக் காசு கொடு என்றால் மட்டும், "கிராக் போட்டுக்கலாம் விடுங்க." கணக்கு சாஃப்ட்வேரும் கிராக். விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. எத்தனை கம்பெனியில் அது தெரியும்? காசு கொடுக்க மனமில்லையா, லினக்ஸ் போடுங்கள், அது இலவசம், நேர்மையும்கூட. கிராக் போட்டவன் உங்களுக்கு உறவா, சொந்தமா? எதற்காக இனாமாகக் கொடுக்கிறான்?

"நாம சின்ன ஆளுங்க, நம்மள எவன் தேடி வரப்போறான்?" என்று ஒருவர் கேட்டார். யாரும் தேடி வருவதில்லை. தெருவில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். அவ்வளவுதான்.

"சட்டம் கேட்கலையே" என்றார் இன்னொருவர். கேட்கிறது. கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகள் கம்ப்யூட்டரில் வைக்கும் கணக்கின் படியை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுத்து வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி வந்தது. நம் ஊரில் பாதிப் பேர் தனி உரிமையாளர், பங்குதாரர் நிறுவனம், அதனால் அந்த விதி தொடாது என்பார்கள். ஆனால் ஜி.எஸ்.டி. எல்லோரையும் தொடும். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. டெலிவரி சலானை மூன்று படியாக எழுதச் சொல்வதும் அதே ஜி.எஸ்.டி. விதிதான். காஜா பட்டன் அம்மாவுக்குத் தெரிந்தது அதுதான்.

ஆகவே எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு ஒரு ரிஜிஸ்டர் குமாஸ்தாவின் பதில் இது. எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். விற்க வருகிறவனிடமும் உங்கள் பையனிடமும் ஐந்து கேள்வி கேளுங்கள். இது காசு கொடுத்து வாங்கியதா, அப்டேட் நடக்கிறதா? விற்றவன் நாளைக்குக் கடையை மூடினால், நம் கணக்கை வேறு எதிலாவது திறந்து படிக்க முடியுமா? இரண்டாவது படி, மூன்றாவது படி எங்கே, அதில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கிறதா, ஒன்றாவது ஒயரில்லாமல் கிடக்கிறதா? பாஸ்வேர்டு கம்ப்யூட்டர் பையனுக்கு மட்டும் தெரியுமா, முதலாளிக்கும் தெரியுமா? கடைசியாக, படியிலிருந்து கணக்கை எடுத்துப் பார்த்தது என்றைக்கு?

இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் எல்லோரும் முழிப்பார்கள். எடுத்துப் பார்க்காத படி, கரையான் தின்ற புத்தகம் மாதிரி. அட்டை மட்டும் அழகாக இருக்கும்.

எங்கள் வீட்டு ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியாயிற்று. ஒரு படி கிளவுடில். ஒரு படி கம்பெனியில். மூன்றாவதாக இரண்டு ஹார்டு டிஸ்க். சனிக்கிழமை சம்பளம் முடிந்ததும் மாப்பிள்ளை ஒன்றைக் கழற்றி என்னிடம் கொடுப்பார், போன வாரத்து டிஸ்க்கை நான் திருப்பிக் கொடுப்பேன். ஒரு நோட்டில் தேதி போட்டு, கொடுத்தவர் வாங்கியவர் கையெழுத்து. என் பழைய டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேத்தியின் பழைய லேப்டாப்பில் திறந்து, ஏதாவது ஒரு வாரத்துக் கூலிக் கணக்கை எடுத்துப் பார்ப்போம். வருடக் கடைசியில் ஒரு டிஸ்க், புதுச்சேரியில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போகும்.

"மாமா, நோட்டுல கையெழுத்தெல்லாம் எதுக்குங்க?" என்று முதலில் சிரித்தார் மாப்பிள்ளை. இப்போது நான் ஊருக்குப் போயிருந்தால், நோட்டு எங்கே என்று அவரே பெண்ணிடம் கேட்டு வாங்கி எழுதி வைக்கிறார்.

போன வாரம் பேக்கரியில் சொந்த சர்வர் நண்பர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பையனிடம் ஐந்து கேள்வியையும் கேட்டாராம். "நாலாவதுலயே கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டானுங்க" என்றார்.

ஐந்தாவதையும் விடாமல் கேளுங்கள் என்றேன்.